பழைய ஃபிளாட் பார்க்கப் போகிறீர்களா? மீட்டர் போர்டிலிருந்து தொடங்குங்கள்

சென்னையின் தென்புறத்தில் ஒரு ரீசேல் ஃபிளாட் வாங்கிப் பதிவும் முடிந்துவிட்டது. வங்கிக் கடன், பத்திரப் பதிவு, வரிப் பெயர் மாற்றம் எல்லாம் பெரிய சிக்கலின்றி நடந்தன. உயிரை எடுத்தது அதற்கு முந்தைய கட்டம், அதாவது வீடு பார்ப்பது. புதுசாகப் பெயின்ட் அடித்து ஊதுபத்தி கொளுத்தி வைத்த வீடுகளில் எது பின்னால் நம்மைக் கவிழ்க்கும் என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அட்வான்ஸ் கைமாறிய பிறகு தெரியவந்தால், அதைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இதில் அடிக்கடி வரும் இரண்டு சொற்கள்: யுடிஎஸ் என்பது மனையில் நம் வீட்டுக்குச் சேரும் பிரிக்கப்படாத பங்கு, வில்லங்கம் என்பது அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, கடன் எல்லாவற்றையும் காட்டும் சான்று.

புரோக்கர் நம்மை நேராக லிஃப்டுக்குத்தான் கூட்டிப்போவார். அவரை நிறுத்திவிட்டு முதலில் மீட்டர் போர்டைப் பாருங்கள். மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் உள்ள பொது மீட்டரைக் கழித்துவிட்டு, வீட்டு மீட்டர் எத்தனை என்று எண்ணுங்கள். அப்ரூவல் பிளானில் ஆறு வீடு, போர்டில் எட்டு மீட்டர் என்றால் ஏன் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் பார்க்கிங்கை அடைத்து ஒன்று, மொட்டை மாடியில் ஒன்று என்று கட்டியிருப்பார்கள். நீங்கள் பார்க்கும் வீடு அந்த இரண்டில் ஒன்று என்றால் வங்கியின் வக்கீலே திருப்பி அனுப்பிவிடுவார். மொட்டை மாடி வீடு வெளிச்சமாக, காற்றோட்டமாக, விலையும் குறைவாக இருக்கும். அதில்தான் ஆட்கள் மயங்குகிறார்கள்.

நீங்கள் பார்ப்பது பிளானில் உள்ள வீடே என்றாலும் யுடிஎஸ் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி. அதில் ஒரே அளவில் ஆறு வீடு என்றால் ஆளுக்கு 400 வர வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம். நம் வீட்டுக்கு மட்டும் போடாமல், அந்த சர்வே எண் முழுவதற்கும் போட்டால் மற்ற வீடுகள் ஒவ்வொன்றும் எவ்வளவு பாகத்துடன் விற்கப்பட்டன என்பது வரிசையாக வரும். கூட்டிப் பாருங்கள். மொத்தம் மனையின் அளவைத் தாண்டினால் யாரோ ஒருவருக்கு இல்லாத நிலத்தை விற்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். கட்டடம் வருடா வருடம் தேயும். நாளைக்கு இடித்துக் கட்டும்போது நம் பங்கைத் தீர்மானிப்பது இந்த எண்தான். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 250 சதுர அடி நிலம் என்றால், ஹால் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அதே மீட்டர் போர்டில் இன்னொரு தகவலும் கிடைக்கும். வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கமெல்லாம் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு போர்டைத் தூக்கி வைத்த கட்டடங்கள் உண்டு. போர்டு தலைக்கு மேலே இருந்து, கீழே பழைய பலகை இருந்த தடமும் சிமென்ட் அடைத்த ஸ்க்ரூ ஓட்டைகளும் தெரிந்தால், தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். ஓனரிடமும் புரோக்கரிடமும் கேட்டுப் பிரயோசனம் இல்லை. தெருமுனையில் இஸ்திரி போடுபவரும் எதிர்க் கடைக்காரரும் 2015-இல் எதுவரை, 2023 மிக்ஜாம் புயலில் எதுவரை என்று கையை வைத்தே காட்டுவார்கள்.

பாத்ரூமில் பிவிசி ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் ஒரு தகட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அங்கேயே சந்தேகப்படலாம். இங்கே பல கட்டடங்களில் கழிவுக் குழாய்களுக்காக பாத்ரூம் தளத்தை முக்கால் அடி, ஒரு அடி தாழ்த்திப் போட்டு, மேலே செங்கல் ஜல்லி நிரப்பி டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். மேல்வீட்டு டைல்ஸ் இடுக்கில் இறங்கும் தண்ணீர் அந்த நிரப்பலில் தேங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நம் தலைக்கு மேல் கசியும். மேல்வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நாளிலும் சொட்டும். தகட்டை எடுத்ததும் வெள்ளையாக உப்புப் பூத்து, நடுவில் துருக் கோடு ஓடினால் கம்பி வரை போய்விட்டது என்று பொருள். இதற்கு நம் பக்கம் மருந்தே கிடையாது. மேல்வீட்டின் தரையை உடைத்து வாட்டர்புரூஃபிங் செய்ய வேண்டும். அந்த ஓனர் வெளிநாட்டில் இருந்து வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் நீங்கள் எத்தனை முறை கூப்பிட்டாலும் நடக்காது. எனவே பார்க்கப் போன அன்றே மாடி ஏறி, மேல்வீட்டில் குடியிருப்பது ஓனரா வாடகைதாரரா என்று கேட்டுவிடுங்கள்.

படுக்கையறைகளில் வெளிச்சுவரை ஒட்டிய வார்ட்ரோபைத் திறந்து பின்பலகையில் கை வைத்துப் பாருங்கள். ஒரு சுவர் மட்டும் புது பெயின்ட் என்றாலும் காரணம் இருக்கும். கடைசி மாடி என்றால் மொட்டை மாடிக்குப் போய்த் தட்டோடுகளைத் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் வரும் இடத்தில் அடியில் பிடிப்பு விட்டிருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் எல்லோரும் 'இருபத்து நாலு மணி நேரமும் வரும்' என்பார்கள். என்ன தண்ணீர் என்று கேட்க வேண்டும். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, பையில் போட்டுக்கொண்டு போங்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயப்படி 500 வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். போர் தண்ணீர் அதையும் தாண்டினால் குழாய், ஹீட்டர், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் உப்பு தின்றுவிடும். மீட்டர் இல்லாவிட்டால் ஷவர் முகத்தைப் பாருங்கள். உப்புத் தண்ணீர் என்றால் பாதி ஓட்டை வெள்ளையாக அடைத்திருக்கும். அதைவிட உறுதியான சாட்சி அசோசியேஷன் கணக்கு நோட்டு. ஏப்ரல் முதல் ஜூன் வரை லாரித் தண்ணீருக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். செயலாளரிடம் பணிவாகக் கேட்டால் காட்டுவார்கள். பராமரிப்புப் பாக்கி, லிஃப்ட் ரிப்பேர், பாதாளச் சாக்கடை இணைப்பா செப்டிக் டேங்கா என்பதையும் அவரிடமே முடித்துக்கொள்ளலாம்.

பார்க்கிங்கை வாயால் கேட்காதீர்கள். காரை ஓட்டிப்போய் அந்த இடத்தில் நிறுத்திக் கதவைத் திறந்து இறங்கிப் பாருங்கள். தூண் இடிக்கும், அல்லது முன்னால் நிற்கும் காரை எடுத்தால்தான் நம் கார் வெளியே வரும். விற்பவரின் பத்திரத்தில் பார்க்கிங் என்ற சொல்லே இல்லாமல், 'இத்தனை வருஷமா இங்கதான் சார் நிறுத்துறோம்' என்பதும் உண்டு.

வாஸ்து விஷயத்தில் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, ஈசானிய மூலையில் கழிப்பறை இருந்தால் நாளைக்கு உங்களிடம் வாங்க வருபவர் வாசலோடு திரும்பிவிடுவார். விலை பேசும்போது அதைக் கணக்கில் எடுங்கள்.

இனி காகிதம். 'டோக்கன் கொடுத்தால்தான் பத்திர நகல்' என்று சொல்லும் இடத்தில் நிற்க வேண்டியதில்லை. வில்லங்கத்தில் ஆவண எண்ணும் வருடமும் இருக்கும். அதை வைத்துச் சான்றிட்ட நகலை நாமே ஆன்லைனில் விண்ணப்பித்து வாங்கலாம். இந்த ஒரு வழி தெரிந்த பிறகு யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

நிறையப் பேரை அலையவைப்பது முடிந்துபோன பழைய கடன். விற்பவர் வீட்டுக் கடனை அடைத்திருப்பார், வங்கியின் கடிதமும் வைத்திருப்பார். ஆனால் கடன் வாங்கியபோது பத்திரங்களை ஒப்படைத்ததாகப் பதிவு செய்த ஆவணத்துக்கு எதிராக, கடன் தீர்ந்தது என்று சொல்லும் ரசீது ஆவணம் பதிவாகியிருக்காது. வில்லங்கத்தில் கடன் அப்படியே நிற்கும். வங்கிக் கடிதத்தைக் காட்டினாலும் நமக்குக் கடன் தரும் வங்கி ஒப்புக்கொள்ளாது. ரசீதைப் பதிவு செய்ய அந்த வங்கியின் ஒத்துழைப்பு வேண்டும், கிளை மாறியிருந்தால் வாரக்கணக்கில் இழுக்கும். வீடு பிடித்திருந்தால், ரசீது வில்லங்கத்தில் ஏறிய பிறகு அட்வான்ஸ் என்று சொல்லிவிடுங்கள். ஒரிஜினல் பத்திரம் இன்னும் வங்கியில் கிடக்கிறது என்றால், ரிசர்வ் வங்கி விதிப்படி முழுக் கடனும் அடைத்த 30 நாளுக்குள் அவர்கள் திருப்பித் தர வேண்டும். அவர்களால் தாமதமானால் நாளுக்கு 5000 ரூபாய் இழப்பீடு. இதை விற்பவருக்கு எடுத்துச் சொன்னால் அவரே வேகமாக ஓடுவார்.

அப்பா பெயரில் இருந்த வீட்டைப் பிள்ளைகள் விற்கும்போது வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டைக் காட்டுபவர் ஒருவர்தான் இருப்பார். மற்றவர்களிடம் நீங்களே போனில் ஒரு முறை பேசிவிடுங்கள். 'தங்கச்சி சம்மதிச்சிடுவா' என்பதை நம்பிப் பணம் கட்டக் கூடாது. பவர், அதாவது ஓனர் சார்பில் விற்க எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரம், வைத்து விற்கிறார்கள் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் பதிவின்போது கேட்பார்கள், அதுவும் 30 நாளுக்குள் வாங்கியதாக.

கடைசியாக, விலையில் ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்பவர்கள். நிலம், வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமானவரிச் சட்டம் தடுக்கிறது. ரொக்கத்தை வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். நமக்கு அதைவிடப் பெரிய இடி, ரொக்கமாகப் போன தொகை பத்திரத்தில் வராது, வங்கியும் அதற்குக் கடன் தராது. நாளைக்கு நாம் விற்கும்போது அந்தத் தொகைக்கும் சேர்த்து லாபம் என்று வரி வரும். 'எல்லாரும் இப்படித்தான் சார்' என்று புரோக்கர் அழுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இத்தனையும் தாண்டி வீடு நின்றால் அட்வான்ஸை விற்பவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், புரோக்கர் கையில் கொடுக்காதீர்கள். வக்கீல் கருத்து பாதகமாக வந்தாலோ, பத்திரக் குறையால் வங்கி மறுத்தாலோ முழுத் தொகையும் எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதை ஒப்பந்தத்தில் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.