சுவீடனில் பிஎச்டி: சீட் இல்லை, வேலை

முதல் ஆறு மாதம் வீணாய்ப் போனது. எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்த கையோடு சுவீடன் பேராசிரியர்கள் நாற்பது பேருக்கு, பெயரை மட்டும் மாற்றி, ஒரே மின்னஞ்சலைத் தட்டிவிட்டேன். பதில் போட்டவர்கள் இரண்டு பேர். இருவர் சொன்னதும் ஒன்றுதான்: விளம்பரம் வரும், அப்போது விண்ணப்பியுங்கள்.

அப்புறம்தான் விஷயம் உறைத்தது. அங்கே பிஎச்டி மாணவர் பெரும்பாலும் பல்கலைக்கழக ஊழியர். மாதச் சம்பளம், வரிப் பிடித்தம், ஆண்டு விடுப்பு எல்லாம் உண்டு. கல்விக் கட்டணம் கிடையாது. ஆராய்ச்சிக்கு நான்கு ஆண்டு. பாடம் எடுப்பது போன்ற துறை வேலை 20 சதவீதம் சேர்ந்தால் ஐந்தாகும். நான் சீட் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி என்று பல்கலைக்கழகங்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களை வாரம் இருமுறை பார்க்க ஆரம்பித்தேன். விளம்பரத்தின் அடியில் இருந்த நான்கைந்து பெயர்களில் ஒருவருக்கு என் ஆய்வுத் திட்டத்தை விலாவாரியாக எழுதி அனுப்பினேன். அவர் தொழிற்சங்கப் பிரதிநிதி! விளம்பரத்திலேயே சங்கத்தின் தொடர்பு எண்ணையும் போடுவது அங்கே வழக்கம். மனிதர் பொறுமையாக, சரியான ஆளின் முகவரியை அனுப்பிவைத்தார்.

முதல் இரண்டு விண்ணப்பங்களும் நிராகரிப்பு. இரண்டாவதன்போது ஒரு சீனியர் அக்கா சொன்னார்: "தேர்வானவரோட விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கிப் பாரேன்." நம்பவில்லை. ஆனால் 1766லேயே சட்டம் போட்டு அரசு ஆவணங்களை மக்களுக்குத் திறந்துவிட்ட நாடு அது. அரசுப் பல்கலைக்கழகத்துக்கு வரும் வேலை விண்ணப்பமும் பொது ஆவணம்தான். பதிவாளர் அலுவலகத்துக்கு இரண்டு வரி எழுதினேன். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. நான்காம் நாள் பிடிஎஃப் வந்தது.

அந்தக் கடிதம் ஒன்றரைப் பக்கம். விளம்பரத்தில் கேட்டிருந்த ஒவ்வொரு தகுதிக்கும் ஒரு பத்தி. மின்வேதியியல் அளவீடு தெரியுமா என்றால், எந்தக் கருவி, எத்தனை மாதம், எந்த செல் (சோதனை மின்கலம்) ஏன் கசிந்தது என்பது வரை எழுதியிருந்தது. என் கடிதமோ 'சிறு வயது முதலே அறிவியலில் ஆர்வம்' என்று தொடங்கியது. வெட்கமாக இருந்தது.

மூன்றாவது விண்ணப்பம், உப்சாலா நகரப் பல்கலைக்கழகத்தில் பேட்டரி ஆராய்ச்சிக்கு. விளம்பரத்தை அச்செடுத்து, வரிக்கு வரி பேனாவால் எண் போட்டு, அந்த வரிசையிலேயே பதில் எழுதினேன். கடைசி நேரம் 23:59 என்றால் அவர்கள் ஊர்க் கணக்கு. குளிர்காலத்தில் நமக்கு அது விடியற்காலை 4:29. இதை நம்பி இழுத்தடிக்காதீர்கள், எனக்கு அன்று 3 மணிக்கு கரண்ட் போனது.

நேர்காணலில் மதிப்பெண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆய்வேட்டில் எது சரியாக வரவில்லை, அப்போது என்ன செய்தாய் என்று அரை மணி நேரம் குடைந்தார்கள். கசிந்த செல் என்னிடமும் ஒன்று இருந்தது, அதைச் சொன்னேன்.

வேலை கிடைத்ததும் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "கவர்மென்ட் வேலையா?" அரசுப் பல்கலைக்கழகம்தானே, ஆமாம் என்றேன். முதல் ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான், பிறகு நீட்டிப்பார்கள் என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.