நாக்குக்கடியில் கரையும் மருந்து

2023 நவம்பர் 27, திங்கள்

என் மருந்துக்கடையை மூடப் போகும் நேரத்தில் அந்தக் கூரை வேலைக்காரர் வந்தார். (பெயரையும் ஊரையும் எழுத மாட்டேன். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் மலையடிவாரம் என்பது போதும்.) மருத்துவர் 28 ஸ்ட்ரிப் எழுதியிருந்தார். கையில் இருந்த காசுக்கு ஏழு மட்டும் கேட்டார். பியூப்ரநார்ஃபினும் நாலாக்ஸோனும் சேர்ந்த மெல்லிய பட்டை அது. நாக்குக்கடியில் வைத்தால் கரையும். ஃபென்டனில் என்ற போதைப்பொருளின் ஏக்கத்தை அடக்கும். வியர்வையும் நடுக்கமும் வயிற்றுப்போக்கும் வராமல் காக்கும்.

சட்டைப் பையிலிருந்து ஓர் அலுமினியத் தாளை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஆரஞ்சு நிறப் பட்டை, கத்தரிக்கோலால் கால் காலாக நறுக்கப்பட்டிருந்தது. ஒரு நாள் மருந்தை நான்கு நாளைக்கு இழுக்கிறாராம். மூன்றாம் நாள் தூக்கமே வருவதில்லை என்றார்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை, ஊனமும் இல்லை. அதனால் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் இந்த மாநிலத்தில் மெடிகெய்ட் என்ற ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. மானியத்தோடு தனியார் காப்பீடு வாங்கலாமென்றால், அதற்கு அவருடைய வருமானம் போதாது. இரண்டுக்கும் நடுவில் விழுந்து கிடக்கிறார். வெள்ளிக்கிழமை சட்டம் மாறுகிறது, அன்றே விண்ணப்பியுங்கள் என்று சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன்.

2023 டிசம்பர் 1, வெள்ளி

இன்று முதல் தனி ஆளுக்கு ஆண்டு வருமானம் சுமார் 20,000 டாலர் வரை இருந்தாலும் மெடிகெய்ட் உண்டு. இந்த மாநிலத்தில் ஆறு லட்சம் பேர் தகுதி பெறுவார்கள் என்கிறார்கள். அதற்கு வழி செய்த சட்டம் 2010இல் வந்தது. விரிவாக்குவதா வேண்டாமா என்பதை மாநிலங்களே முடிவு செய்யலாம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொஞ்சம் தள்ளியிருக்கும் கென்டக்கியும் மேற்கு வர்ஜீனியாவும் 2014இலேயே தொடங்கிவிட்டன. நாங்கள் நாற்பதாவது மாநிலம்.

இந்த மருந்துக்கு 2002லேயே அனுமதி கிடைத்துவிட்டது. அலமாரியில் மருந்து இருக்க, வாங்க வழியில்லாமல் எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்கள்! இந்தக் கவுண்டரில் நின்று நானே அனுப்பி வைத்த முகங்கள் நினைவுக்கு வருகின்றன. கோபமாக வருகிறது. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

2023 டிசம்பர் 20, புதன்

கூரை வேலைக்காரரின் மெடிகெய்ட் எண்ணைக் கணினியில் தட்டினேன். ஏற்கப்பட்டது என்று வந்தது. 28 ஸ்ட்ரிப்பையும் எண்ணிப் பையில் போட்டேன். “முழுசாகவா?” என்று இரண்டு முறை கேட்டார்.

2024 பிப்ரவரி 6, செவ்வாய்

மெடிகெய்ட் அட்டை வந்தால் எல்லாம் வந்துவிடும் என்று நினைத்தது என் பிழை. இது கட்டுப்பாட்டு மருந்து என்பதால், மாதத்துக்கு இவ்வளவுதான் என்று மொத்த விற்பனையாளர் அளந்து அனுப்புகிறார். கேட்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், அளவு கூடவில்லை. இன்று ஒரு பெண்ணை வேறு கடைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. நான்கு கடைகளுக்கு நானே தொலைபேசியில் கேட்டேன். புதிய ஆட்களுக்கு நாங்கள் கொடுப்பதில்லை என்று ஒரு கடையில் சொன்னார்கள். சர்க்கரை நோயாளியிடம் அப்படிச் சொல்வார்களா? ஐந்தாவது கடையில் கிடைத்தது. நாற்பது நிமிடக் கார்ப் பயணம், அவரிடம் கார் இல்லை. அக்காளை அழைத்துக்கொண்டு போகிறேன் என்றார்.

2022 டிசம்பர் வரை மருத்துவர்கள் இதை எழுதவே தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அந்தப் பூட்டு உடைந்தது, அட்டையும் வந்தது, இப்போது கடையில் ஒரு பூட்டு.

2024 அக்டோபர் 1, செவ்வாய்

ஹெலீன் புயல் மலைப்பக்கத்தைப் புரட்டிப் போட்டு நான்கு நாள் ஆகிறது. கடைக்கு மின்சாரம் இன்று காலைதான் வந்தது. கதவைத் திறந்தபோது அந்தக் கூரை வேலைக்காரர் முழங்கால் வரை சேறோடு நின்றார். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து மருந்தையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. கடைசிப் பட்டை போட்டு இரண்டு நாளாகிவிட்டது. மருத்துவரைத் தொலைபேசியில் பிடிக்கப் பிற்பகல் ஆயிற்று. அதுவரை அவர் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். கை நடுங்கியது.

பொட்டலத்தை நான்தான் பிரித்துக் கொடுத்தேன். பட்டையை நாக்குக்கடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கரையும் வரை பேசக் கூடாது என்பதால் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அவருக்குப் பின்னால் வரிசையில் மூன்று பேர். மூவர் கையிலும் அதே மருந்துக்கான சீட்டு. பெட்டியில் எத்தனை மிச்சமிருக்கிறது என்று எண்ணத் தொடங்கினேன்.