வெண்ணெய் வாசனை

"பில்ஸ்னர்ல லேசா வெண்ணெய் வாசனை வருது. இது இப்படித்தான் இருக்கணுமா, இல்ல எனக்கு மட்டும் தோணுதா?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு, எங்கள் கடையின் பில்ஸ்னர் பீரைப் பற்றி இன்ஸ்டாகிராமில் வந்த கமெண்ட். அவர் குறை சொல்லவில்லை, கேட்டார். திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

ரெண்டு வருஷமாக அவரை எனக்குத் தெரியும், முகம் மட்டும் தெரியாது. புது பீர் வந்தது என்று போட்டால் முதல் கேள்வி அவருடையதாகத்தான் இருக்கும். கோதுமை பீரில் வாழைப்பழம் போடுகிறீர்களா என்று ஒருமுறை கேட்டார். பழமே கிடையாது, அந்த மணத்தைத் தருவது ஈஸ்ட் என்று எழுதினேன். அடுத்த வாரம் நாலு நண்பர்களைக் கூட்டிவந்து அவர்களுக்கு அதை விளக்கிச் சொன்னதாக மெசேஜ் அனுப்பினார். எங்கள் தொழிலில் இதற்கு விலையே கிடையாது. டிவியில் மது விளம்பரம் செய்ய முடியாது. பீரைக் கடையிலேயே காய்ச்சி விற்கிற மைக்ரோ ப்ரூவரி என்பதால் பாட்டிலில் அடைத்துக் கடைக்கு அனுப்பவும் முடியாது, டேங்கிலிருந்து கிளாஸுக்கு வந்ததை அங்கேயே குடிக்க வேண்டும். 2010-ல் டாய்ட் என்கிற மைக்ரோ ப்ரூவரி திறந்த பிறகு பெங்களூரு இந்திராநகரில் கிராஃப்ட் பீர் தேடி வருகிறவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் பல வருஷம் கழித்து வந்த எங்களைத் தேடி ஒருவர் வர வேண்டுமென்றால், அவரோடு யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேசியது நான். எழுதும்போதெல்லாம் 'நாங்க' என்றுதான் எழுதுவேன். பீர் காய்ச்சுகிற ப்ரூயரே பேசுவதாக அவர் நினைத்திருக்கலாம்.

அன்று நான் போட்ட பதில் இது: "உங்க மூக்கு ரொம்ப ஷார்ப்! செக் பாணி பில்ஸ்னர்ல அந்த லேசான வெண்ணெய் வாசனை உண்டு."

இதில் பொய் இல்லை. 1842-ல் இன்றைய செக் நாட்டின் பில்சென் நகரில் யோசஃப் க்ரோல் காய்ச்சிய பீரின் வழியில் வருகிறவற்றில் அந்த வாசனை கொஞ்சம் இருக்கும், இருக்கலாம். இதை எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நாங்கள் காய்ச்சியது ஜெர்மன் பாணி. அதில் அந்த வாசனை வரக் கூடாது. மெனுவிலும் ஜெர்மன் பாணி என்றுதான் போட்டிருந்தது.

அதைவிட, எனக்குத் தெரியும். அந்தச் செவ்வாய்க்கிழமை ரீல் எடுக்க டேங்க் பக்கம் போயிருந்தேன். ப்ரூயர் அண்ணா ரெண்டு கிளாஸில் பீர் பிடித்து, வாயை ஃபாயிலால் மூடி, ஒன்றை மட்டும் வெந்நீரில் வைத்தார். அப்புறம் ஆறவைத்து ரெண்டையும் என்னிடம் நீட்டினார். சும்மா இருந்ததில் ஒன்றும் இல்லை. சூடு காட்டியதில் பாப்கார்ன் பொட்டலத்தைப் பிரித்த மாதிரி குப்பென்று வந்தது. அந்த வாசனையின் பெயர் டைஅசிட்டைல், சூடு காட்டினால் ஒளிந்திருப்பதும் வெளியே வரும். நொதிக்கும்போது ஈஸ்ட்டே விட்டுச்செல்வது. கடைசியில் ரெண்டு மூணு நாள் கொஞ்சம் வெதுவெதுப்பில் விட்டால் அதே ஈஸ்ட் அதைத் துடைத்தும் எடுத்துவிடும். "இன்னும் ரெண்டு நாள் விடணும்மா" என்றார் அண்ணா. வாரக் கடைசிக்குப் பில்ஸ்னர் இல்லாமல் எப்படி என்றார் மேனேஜர். ஈஸ்ட் துடைத்து முடிப்பதற்குள் டேங்கைக் குளிரவைத்துவிட்டார்கள்.

உடம்புக்குக் கெடுதல் எதுவும் இல்லை. ஆயிரம் லிட்டர். வெள்ளிக்கிழமைக் கூட்டம் உள்ளே வந்துகொண்டிருக்கும் நேரத்தில், "ஆமாம், அவசரப்பட்டுட்டோம்" என்று கடையின் பெயரில் எழுத நான் யார்? அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பீருக்கு மார்க் போடுகிற அன்டாப்ட் ஆப்பில் யாராவது போட்டால்? இதெல்லாம் நியாயம்தான். ஆனால் அப்படி எழுதச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை. மேனேஜரிடம் நான் கேட்கவும் இல்லை. "ப்ரூயரைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று ஒரு வரி போட்டிருக்கலாம். அது தோன்றவே இல்லை. அந்த செக் விஷயம்தான் சட்டென்று கைக்கு வந்தது. நான் ஆசையாகப் படித்துத் தெரிந்துகொண்டது அது.

"ஓ, தெரியாம கேட்டுட்டேன். கத்துக்கிட்டேன், தேங்க்ஸ்" என்று எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை இன்னொருவர் அதே போஸ்டின் கீழ் பாப்கார்ன் வாசனை என்று எழுதினார். நான் பார்ப்பதற்குள் இவர் பதில் போட்டிருந்தார்: "அது செக் ஸ்டைல் ப்ரோ, அப்படித்தான் இருக்கும்." அந்த மாத ரிப்போர்ட்டில் மேனேஜர் அதைத்தான் முதல் ஸ்லைடாக வைத்தார், வாடிக்கையாளரே நமக்காகப் பேசுகிறார் என்று. எல்லோரும் கைதட்டினார்கள். உண்மையில் இந்த வேலையில் எட்டிப்பிடிக்க நினைப்பது அதைத்தான். அது என்னால் நடந்தது.

சில சமயம் தோன்றும், அவருக்கு என்ன நஷ்டம்? குடித்தார், பிடித்தது, ஒரு விஷயம் தெரிந்துகொண்டார். அப்புறம் தோன்றும்: அவருடைய நாக்கு சரியாகச் சொன்னதை அவரையே சந்தேகப்பட வைத்தேன். எது பெரியது என்று இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை.

அடுத்த பேட்ச் சுத்தமாக வந்தது. அண்ணா இந்தத் தடவை யார் சொல்லியும் கேட்கவில்லை. போட்டோ போட்ட அன்றே அவருடைய கமெண்ட்: "அந்த வெண்ணெய் வாசனையைக் காணோமே? போன தடவைதான் எனக்குப் பிடிச்சிருந்தது. மறுபடி எப்போ?"

போனை அண்ணாவிடம் காட்டினேன். ரெண்டு தடவை படித்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீ என்னம்மா பதில் போட்டே?"

"இன்னும் போடலண்ணா" என்றேன். அவர் கேட்டது இந்தக் கமெண்டைப் பற்றி இல்லை.