மணல் போகும் வழியில்: புன்னைக்காயல் முதல் உவரி வரை

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் பஸ்ஸில் இடது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால், கடலுக்கு முன்பாக உப்பளங்கள் வந்துவிடுகின்றன. பாத்தி பாத்தியாகத் தேங்கிய நீர், வரப்போரம் குவித்து வைத்த உப்பு, கண் கூசும் வெளிச்சம். நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவது தமிழகத்தில்தான். அதில் பெரும்பங்கு இந்த வட்டாரத்தினுடையது. முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற கரை இது. கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. சங்கு குளிப்பவர்கள் மட்டும் இன்றும் தூத்துக்குடியிலிருந்து கடலுக்குப் போய்வருகிறார்கள்.

இந்தக் கரையில் உள்ள மீனவ ஊர்களில் இறங்கி இறங்கி உவரி வரை போக வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. மீனையும் படகையும் பார்க்கத்தான் கிளம்பினேன். போகப் போக என் கண் மணலிலேயே நின்றுவிட்டது. எந்த ஊரில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும், மீன் விலைக்கு அடுத்து அவர்கள் பேசியது மணலைப் பற்றித்தான். எங்கே ஏறியிருக்கிறது, எங்கே இறங்கிவிட்டது, போன வருடம் இருந்த கரை இந்த வருடம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

முதலில் புன்னைக்காயல். முக்கிய சாலையை விட்டு இறங்கி, முள்ளுக்காடும் நீர்நிலையுமாக இருக்கும் பாதையில் போனால் கடைசியில் ஊர். தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் இது. ஆற்றுக்குள்தான் வள்ளங்கள் கட்டிக் கிடக்கின்றன. முகத்துவாரத்தைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். அந்த வாயில் மணல் மேடிட்டால் வள்ளம் தரை தட்டும், அலை நேரத்தில் கவிழ்ந்தும் போகும். "ஆற்றில் தண்ணீர் நன்றாக வந்தால் வாய் திறக்கும், தம்பி. வராத வருடம் கடல் மண்ணைக் கொண்டுவந்து அடைத்துவிடும்" என்றார் படித்துறையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர்.

இந்த ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டித்தான் இங்குள்ள துறைமுகங்களின் தலையெழுத்தை மாற்றியிருக்கிறது. சங்க காலப் பாண்டியர் துறைமுகமான கொற்கை இன்று கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, வயலும் வாழையும் சூழ்ந்த சிற்றூராக இருக்கிறது. அடுத்து எழுந்த காயல் துறைமுகத்தைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்கோ போலோ குறித்து வைத்திருக்கிறார். அதையும் மண் மூடிய பிறகு வந்தது புன்னைக்காயல். ஆற்று மண்ணுக்கு ஈடுகொடுத்து மனிதர்கள் கடலை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறார்கள்.

புன்னைக்காயலில் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. போர்ச்சுக்கீசிய இயேசு சபைத் துறவி அன்றிக் அடிகளார் பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்து பணியாற்றிய கரை இது. அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் அச்சானது. இந்திய மொழி ஒன்றின் எழுத்துகளில் இந்தியாவில் அச்சிடப்பட்டுக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல் அது. 1586-ல் வந்த 'அடியார் வரலாறு' இந்த ஊரில் அச்சிடப்பட்டது என்றே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. தமிழ் அச்சின் தொடக்கம் வலை காயும் இப்படியொரு கரையோடு பிணைந்திருப்பதை நினைத்தபடி அந்தத் தெருக்களில் நடந்தது எனக்குப் பெருமிதமாக இருந்தது. தமிழ் படிக்கிற பிள்ளைகளை ஒரு முறையாவது இங்கே அழைத்துவர வேண்டும்.

காயல்பட்டினத்தில் பஸ் மாற மட்டுமே இறங்கினேன். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய ஊர். டீக்கடையில் அந்த இரவைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள்.

திருச்செந்தூரில் முருகன் சந்நிதியைவிடக் கூட்டம் கடற்கரையில் இருந்தது. 2025-ன் தொடக்கத்தில் கோயிலுக்கு முன்பாகவே கடல் மணலை அரித்துக் கரையைச் செங்குத்தாக வெட்டிவிட்டதைச் செய்தியில் பலரும் பார்த்திருப்பீர்கள். பக்தர்கள் இறங்கிக் குளிக்கும் சரிவு சுவராகி நின்றது. அலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நாழிக்கிணறு இருக்கிறது. அதில் ஊறுவது நல்ல தண்ணீர். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதால் கடலோரத்தில் இப்படி நல்ல ஊற்றுகள் அமைகின்றன. மணல் இருக்கிற வரைதான் அந்த நீரும் இருக்கும். கரையோர மணலை வெறும் மண்ணென்று அள்ளிக்கொண்டு போகிறவர்கள் இதை நினைக்க வேண்டும்.

குலசேகரன்பட்டினத்தைத் தசராவுக்காக அறிந்தவர்கள் அதிகம். இப்போது இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம் அங்கே எழுகிறது. 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைத் தவிர்க்க ராக்கெட் வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீணாகும். இங்கிருந்து நேராகத் தென்கடலின் மேல் போகலாம். ஊருக்கு நல்லது வரும் என்று கடைக்காரர் ஒருவர் மகிழ்ச்சியோடு சொன்னார். ஏவுகிற நாள்களில் கடலுக்குப் போக விடுவார்களா என்று பக்கத்திலிருந்த மீனவர் கேட்டார். மீனவரின் கேள்விக்கு அதிகாரிகள் நேரில் வந்து, ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

பிறகு மணப்பாடு. இந்தப் பயணத்தில் அதிக நேரம் இருந்த ஊர் இதுதான்.

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்று. அதன் உச்சியில் 1581-ல் கட்டப்பட்ட திருச்சிலுவை ஆலயம். அருகில் கலங்கரை விளக்கம். ஏறி நின்றால் ஒரு பக்கம் கருமேனியாற்றின் முகத்துவாரமும் அதை மறித்துக் கிடக்கும் மணல் திட்டும், மறுபக்கம் திறந்த கடல். புயலில் பாய்மரம் முறிந்து தத்தளித்த போர்ச்சுக்கீசியக் கப்பலின் தலைவர், பிழைத்தால் சிலுவை நாட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்றும், கரை ஒதுங்கிய அந்த மரத்திலேயே சிலுவை செய்து இக்குன்றில் நிறுத்தினார் என்றும் ஊர் மரபு சொல்கிறது. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கிறிஸ்தவம் தழுவியது 1530-களில். 1542-ல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழ் தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களை மொழிபெயர்த்து, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்து ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். அவர் தங்கியதாகச் சொல்லப்படும் குகை குன்றின் கடலோரச் சரிவில் இருக்கிறது. குகைக்குள் இருக்கும் சிறு கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுகிறது. மணலின் கொடைதான் இதுவும். வந்தவர்கள் அதை இரு கைகளாலும் வாங்கிக் குடித்தார்கள், நானும் குடித்தேன்.

குன்றிலிருந்து இறங்கித் தெருக்களுக்குள் போனால் உயர்ந்த தூண்களும் அகன்ற முற்றங்களுமாகப் பெரிய வீடுகள். இலங்கை வணிகத்தில் பொருள் சேர்த்த குடும்பங்கள் கட்டியவை என்கிறார்கள். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, திருவிழாவுக்குத் திறப்பார்களாம்.

கரையில் ஒரு வள்ளத்தின் நிழலில் ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். வலையின் ஓரத்தைக் கால் பெருவிரலில் மாட்டி விறைப்பாக இழுத்துப் பிடித்திருந்தார். கிழிந்த இடத்தைச் சுற்றியிருந்த பிசிறுகளை முதலில் வெட்டி எறிந்தார். பிறகு நூல் சுற்றிய ஊசி ஒரு கண்ணுக்குள் நுழைந்து, இடது கையின் இரண்டு விரல்களை வளைத்துக்கொண்டு, மேலே இருந்த கண்ணில் முடிச்சாக இறுகியது. அந்த இரண்டு விரல்கள்தான் அளவுகோல். ஒவ்வொரு கண்ணும் பழைய கண்ணின் அளவுக்கே வந்து நின்றது. ஒரு முறைகூட அவர் கையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தும் கடலைப் பார்த்தும் பேசிக்கொண்டே பின்னினார். சாளை வலைக்கு ஒரு கண், திருக்கை வலைக்கு வேறு கண், சிங்கி இறாலுக்கு இன்னொன்று. கண்ணைப் பார்த்தே எந்த மீனுக்கான வலை என்று சொல்லிவிடலாம் என்றார்.

"இதை யார் கிழித்தது, ஐயா?" என்று கேட்டேன்.

"பாரில் மாட்டியது பாதி. விசைப்படகு இழுத்தது பாதி" என்றார்.

கடலடிப் பாறைகளைத்தான் இங்கே பார் என்கிறார்கள். அங்கேதான் மீன் கூடும், வலையும் சிக்கும். விசைப்படகு என்றதும் அவருடைய குரல் மாறியது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. அந்தக் காலத்தில் விசைப்படகுகள் போகக் கூடாது, நாட்டுப்படகுகள் போகலாம். மற்ற நாள்களில் விசைப்படகுகள் கரையை ஒட்டி வந்து இழுவை மடியால் அடிமட்டத்தையே வாரிப் போவதுதான் இவர்களுடைய தீராத மனக்குறை. குஞ்சும் முட்டையும் போன பிறகு வலையைத் தைத்து என்ன பயன் என்று அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கரையோரக் கடல் நாட்டுப்படகுகளுக்கே என்கிற விதியை உண்மையாக நடைமுறைப்படுத்த வேண்டும்.

வெயில் ஏறுவதற்குள் வள்ளங்கள் வந்து சேர்ந்தன. ஏலம் நடக்கிற இடத்தில் ஒதுங்கி நில்லுங்கள், படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். குவியலைச் சுற்றி நிற்கும் ஒவ்வொருவருக்கும் அது அன்றைய வருமானம். எரிபொருள் செலவு கழித்து, படகுக்கும் வலைக்கும் உரிய பங்கு போக மிஞ்சுவதைத்தான் கடலுக்குப் போனவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். பாட்டு நீட்டுவது போல விலையை ஏற்றிக்கொண்டு போன ஏலக்காரர் சட்டென்று நிறுத்தியபோது, கூடை வைத்திருந்த ஓர் அக்காவின் முகம் மலர்ந்தது. விளமீன் அவருக்கு விழுந்திருந்தது.

மணப்பாட்டில் பனையோலை வேலையும் உண்டு. பெண்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். சாயம் ஏற்றிய ஓலையில் முடைந்த ஒரு சிறு பெட்டி வாங்கினேன். அதன் மூடி அவ்வளவு கச்சிதம்.

பெரியதாழைக்குப் போனபோது மணல் பேச்சு முற்றிலும் வேறாக இருந்தது. அங்கே கடல் ஊருக்குள் வந்துகொண்டிருந்த கதையைச் சொன்னார்கள். கரையிலிருந்து கடலுக்குள் பாறாங்கற்களைக் கொட்டி, முனையை வளைத்துக் கட்டிய தூண்டில் வளைவுகளை அங்கே பார்க்கலாம். மேல்காற்று என்கிற தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. வாடைக் காலத்தில் திருப்பிக் கொண்டுவருகின்றன. குறுக்கே கல் போட்டால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை பசித்துக் கிடக்கும். ஒரு ஊரைக் காக்கக் கட்டுவது அடுத்த ஊரை அரிக்கக்கூடும். அதனால் அடுத்த ஊரும் தூண்டில் வளைவு கேட்கிறது. ஊர் ஊராகக் கல் கொட்டுவதை விட்டு, கரை முழுவதையும் ஒன்றாக வைத்து முடிவெடுத்தால்தான் இதற்குத் தீர்வு. மீனவர்களுக்கே இது தெரிந்திருக்கிறது. ஆனால் வாசற்படி வரை அலை வரும்போது யார் காத்திருப்பார்கள்?

அலை வடிந்த ஈரத்தில் குனிந்து ஒரு பிடி மணல் அள்ளிப் பார்த்தேன். வெள்ளை மணலின் மேல் கறுப்பும் செம்மையுமாக வரிவரியாகப் படிந்திருந்தது. கறுப்பு இல்மனைட், செம்மை கார்னெட். கனமான தாதுக்கள் என்பதால் அலை இவற்றைத் தனியாகப் பிரித்துவிட்டுப் போகிறது. இந்தக் கரைகளில் தாது மணல் அள்ளுவதற்குத் தமிழக அரசு 2013-ல் தடை விதித்தது. மணல் அள்ளிய அந்த நாள்களைப் பற்றிப் பேசும்போது இங்கே குரல்கள் இன்றும் தாழ்ந்துவிடுகின்றன.

உவரியில் கப்பல் வடிவில் கட்டிய மாதா கோயில் இருக்கிறது, அந்தோணியார் திருத்தலம் இருக்கிறது, கடலை ஒட்டிச் சுயம்புலிங்க சுவாமி கோயிலும் இருக்கிறது. என்னை நிறுத்திவைத்தது சுயம்புலிங்க சுவாமி கோயிலின் நேர்த்திக்கடன். நேர்ந்துகொண்டவர்கள் கடலில் இறங்கி, ஓலைப்பெட்டியில் மணலை அள்ளித் தலையில் சுமந்து வந்து கரையில் கொட்டுகிறார்கள். நனைந்த சேலையோடு ஓர் அம்மாள் மூச்சு வாங்கத் திரும்பத் திரும்பப் போய்வந்தார். கடல் கொண்டுபோனதைக் கையால் மீட்டுக் கரையில் வைக்கிற அந்த வழிபாடு என்னை மிகவும் நெகிழவைத்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். திருச்செந்தூரில் தங்கிக்கொண்டால் எல்லா ஊர்களுக்கும் பஸ் கிடைக்கும். கன்னியாகுமரி செல்லும் கடற்கரைச் சாலையில்தான் மணப்பாட்டு விலக்கும், பெரியதாழையும், உவரியும் வருகின்றன. ஏலம் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். பரதவர் ஊர்களில் அன்று பெரும்பாலும் கடலுக்குப் போவதில்லை. மணப்பாட்டுத் திருவிழா செப்டம்பர் 14 அன்று நிறைவடையும். அந்த நாள்களில் ஊரில் இடம் கிடைப்பது கடினம். ஆனி, ஆடியில் மேல்காற்று மணலை முகத்தில் வாரி இறைக்கும், கடலில் இறங்காதீர்கள். தை, மாசி நல்ல மாதங்கள். புன்னைக்காயலில் மாலை கடைசி பஸ் எப்போது என்று இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.