பாதை ஏறிப் போகிறவர்களுக்கு

கிழக்கு மாகாணத்தில் ஆறும் களப்பும் கடக்கிற மிதவைக்குப் பெயரே ‘பாதை’. திருகோணமலையிலிருந்து மூதூருக்குத் தரைவழியாகப் போனவர்கள் ஒரு காலத்தில் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று நாலு இடத்தில் பாதை ஏறி இறங்கினார்கள். 2009இல் கிண்ணியாவில் 396 மீற்றர் நீளமான பாலம் திறந்தது. மற்றத் துறைகளுக்கும் பாலம் வந்தது. இன்று பஸ்ஸில் கண்ணயர்ந்தவருக்கு ஆறு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

ஆனால் அந்தச் சொல்லை விட்டுவிடக் கூடாது. மற்றப் பாதைகளில் நாம்தான் நடக்க வேண்டும். இந்தப் பாதை நம்மை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும். “நானே வழி” என்று ஆண்டவர் சொன்னதை (யோவான் 14:6) நம் ஊர்ப் பேச்சின் காதால் கேட்டால், ஏறி நின்றால் போதும், சுமந்து போகிறவர் அவர் என்று விளங்கும். பயணத்தில் செபிக்க விரும்புகிறவர் முதலில் பிடிக்க வேண்டிய எண்ணம் இதுதான். திருத்தலம் போய்ச் சேர்ந்த பிறகுதான் செபம் என்று நினைத்தால், வழியில் கிடைக்கிற மணித்தியாலங்கள் எல்லாம் வீணாகப் போகும்.

செபமாலையிலிருந்து தொடங்கலாம். பத்து மணி சேர்ந்த ஒரு பகுதிக்குப் பெயர் ‘பத்துமணி’. ஐந்து பத்துமணிக்கு 53 அருள் நிறைந்த மரியே, 6 பரலோக மந்திரம். நிதானமாகச் சொன்னால் இருபது நிமிடம் போதும். நகரில் பஸ் ஏறினால் கிண்ணியா வருமுன் முடிந்துவிடும். தியானிக்கும் மறைபொருள் நாளுக்கு நாள் மாறும்: திங்களும் சனியும் மகிழ்ச்சி, செவ்வாயும் வெள்ளியும் துயரம், புதனும் ஞாயிறும் மகிமை, வியாழன் ஒளி. இந்தக் கிழமை ஒழுங்கைப் புறப்படுமுன்பே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பஸ்ஸுக்குள் புத்தகம் திறந்தால் தலை சுற்றும், அடுத்தது வயிறு பிரட்டும்.

நெரிசலில் மாலையைக் கையில் சுற்றிக்கொண்டு நிற்பதும் சரிவராது. மேல் கம்பியைப் பிடிக்கும்போது மாலை பக்கத்தில் நிற்பவரின் பையிலோ சங்கிலியிலோ மாட்டும், பிரேக் போட்டதும் அறுந்து மணி சிதறும். பத்து மணி மட்டும் உள்ள விரல் மோதிரம் நல்லது. அதுவும் இல்லையென்றால் பத்து விரல் போதும். ஒரு கை கம்பியில் இருந்தால், மற்றக் கையின் விரல்களை இரண்டு தரம் மடக்கினால் ஒரு பத்துமணி. எண்ணிக்கை பிசகினால் திரும்பத் தொடங்காதீர்கள். பலர் பயணச் செபத்தைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். கணக்கில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மாதா கேள்வி கேட்கமாட்டா.

தனியார் பஸ்ஸில் பாட்டு உரத்து ஓடும். அதோடு போட்டி போட்டு மனதுக்குள் நீண்ட செபம் சொல்ல முயன்றால் களைப்புத்தான் மிஞ்சும். அப்போது ஒற்றை வரிச் செபம் பிடிக்கும். மூச்சை உள்ளே இழுக்கும்போது “ஆண்டவரே இயேசுவே”, விடும்போது “என்மேல் இரங்கும்”. சத்தத்தை விரட்ட வேண்டியதில்லை, அது பாட்டுக்கு ஓடட்டும். மூச்சு எப்படியும் ஓடிக்கொண்டிருக்கிறது, செபம் அதில் தொற்றிக்கொள்ளும்.

மெதடிஸ்த, அங்கிலிக்க சபையாருக்கும் மற்றவர்களுக்கும் சங்கீதப் புத்தகமே பயணக் கையேடு. 120 முதல் 134 வரை உள்ள பதினைந்தும், எருசலேமுக்கு ஏறிப்போன யாத்திரிகர் வழியில் பாடிய ஆரோகண சங்கீதங்கள். அவற்றில் 131, 133, 134 மூன்றும் மும்மூன்று வசனம்தான். கிழமைக்கு ஒன்று வீட்டில் மனனம் செய்தால் மூன்று கிழமையில் கையில் எதுவும் இல்லாமலே ஏறலாம். 131இல் தாயின் மடியில் பால் மறந்த குழந்தை வருகிறது. முன் ஆசனத்துத் தாயின் தோளில் வாயைத் திறந்தபடி உறங்குகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்லிப் பாருங்கள், விளக்கவுரை தேவைப்படாது.

நம் பஸ்களில் ஒரு வழக்கம் உண்டு. இருக்கை கிடைத்தவர், நிற்பவரின் பையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். புத்தகப் பை, மரக்கறிப் பை, சில வேளை ஈரம் சொட்டும் மீன் பை. வாங்குபவர் தமிழரா, முஸ்லிமா, சிங்களவரா என்று கொடுப்பவர் பார்ப்பதில்லை. இறங்கும் இடம் வந்ததும் தலைகளுக்கு மேலால் பை கைமாறிப் போகும். நன்றி சொல்லவும் நேரம் இராது. “ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து” என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியது (6:2) இதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வேறெங்கும் கிடைப்பது அரிது. மடியில் பை இருக்கும் வரை அதன் சொந்தக்காரருக்காக ஒரு செபம் சொல்லலாம். அவர் எதற்காகப் போகிறார் என்று தெரிய வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டுப் பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தால் அதுவே செபக் கருத்து.

பயணத்தில் செபம் முறிவதும் பெரும்பாலும் சின்ன விஷயத்தில்தான். கொண்டக்டர் மிச்சக் காசை டிக்கட்டின் பின்பக்கம் எழுதித் தந்து, இறங்கும்போது மறந்துவிடுவார். இருபது ரூபாய்க்காகக் கிளம்பும் கோபம் இருபது நிமிடச் செபத்தைத் தின்றுவிடும். ஏறும்போதே சில்லறை வைத்திருப்பது பக்திக்கும் உதவி. அவர் தவறிக் கூடுதலாகத் தந்தால் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தக் காசு பையில் இருக்க, செபம் நாக்கிலேயே நிற்கும்.

கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வருகிறவர்களுக்குக் காத்திருத்தல்தான் பாடம். ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடலாம். பழைய முறைப்படி அதற்கான அனுமதி ‘டெப்லட்’ என்கிற உலோக வட்டு. தோல் பைக்குள் போட்டுப் பெரிய வளையத்தில் தொங்கவிட்டுச் சாரதியிடம் கொடுப்பார்கள். அது கைக்கு வராமல் வண்டி நகராது. எதிரே வரும் வண்டி வந்து சேராமல் அது கைக்கு வராது. இருட்டில் காரணம் தெரியாமல் வண்டி நிற்கும்போது பயணிகள் சலித்துக்கொள்வார்கள். நிற்பதால்தான் உயிர் தப்புகிறோம் என்பது பெட்டிக்குள் இருந்து பார்த்தால் தெரியாது. விடியலுக்குக் காத்திருக்கும் சாமக்காரரைப் பற்றிப் பேசும் 130ஆம் சங்கீதத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கல்லோயாச் சந்தியில் வண்டி நிற்கும் நேரத்தில் சொல்லத் தொடங்கலாம். கந்தளாய் தாண்டித் தம்பலகாமத்து வயல்வெளி வரும்போது பலருக்கும் கிழக்கு வெளுத்திருக்கும்.

நகருக்குள் வந்தவர்கள் நீலநிற முகப்புள்ள மரியன்னை பேராலயத்துக்குப் போவார்கள், பாலையூற்றில் லூர்து அன்னையிடம் போவார்கள். இவை எல்லோரும் அறிந்தவை. பலர் விட்டுவிடும் இடம் ஒன்று, நிலாவெளி வீதியில் உப்புவெளியில் இருக்கும் போர்க்கால மயானம். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பலர் இருபது இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். ஒரு வரிசையை மட்டும் எடுத்து, ஒவ்வொரு கல்லின் முன்னும் பெயரைச் சத்தமில்லாமல் வாசித்து “நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும்” என்று சொல்லிக்கொண்டு போவது போதுமான வேண்டுதல். காலை ஒன்பது மணிக்கு முன் போக வேண்டும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதன் பிறகு வெயில் நிற்க விடாது. அந்த வீதியால் போகையில், 2004 டிசம்பர் 26இல் இந்தக் கரையில் சுனாமியில் இறந்தவர்களையும் நினைக்க வேண்டும். நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை.

மூதூருக்குப் போகிறவர்கள் வெள்ளி நண்பகலைத் தவிர்ப்பது நல்லது. ஜும்ஆத் தொழுகை நேரத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் கடைகள் பூட்டியிருக்கும், தேநீரும் கிடைக்காது. மற்ற நாட்களில் பள்ளிவாசலின் நண்பகல் தொழுகை அழைப்பான பாங்கும் நம் மூவேளைச் செபத்தின் நேரமும் அடுத்தடுத்து வரும். பாங்கு கேட்டதும் “ஆண்டவருடைய சம்மனசு” என்று தொடங்கும் அந்தச் செபத்தைச் சொல்லப் பழகினால் மணிக்கூடு பார்க்க வேண்டியதில்லை. கடல்வழியாகப் படகில் போக விரும்புகிறவர்கள் மாரிகாலத்தில் அதை நம்பி வெளிக்கிடக் கூடாது. வாடைக்காற்றில் கொட்டியாரக் குடா கொந்தளிக்கும். இயேசு படகில் தலையணை வைத்து உறங்கிய பகுதியை (மாற்கு 4) தியானிக்க அமைதியான கடலே போதும்.

அந்தக் குடாவில்தான் 1660இல் ரொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர், கப்பல் தலைவரான தந்தையோடும் கூட வந்தவர்களோடும் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டார். புயலில் இழந்த பாய்மரத்துக்குப் பதில் மரம் தேடி வந்தவர்கள். பத்தொன்பது ஆண்டுக்கு மேல் சிறையிருப்பு. தொப்பி பின்னி விற்றுப் பிழைத்தார். ஒரு நாள் ஓடையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது, வழியால் போன முதியவர் ஒருவரிடம் ஆங்கில வேதாகமம் ஒன்று இருப்பது தெரியவந்தது. போர்த்துக்கேயர் கொழும்பை இழந்தபோது அவருக்குக் கிடைத்தது. பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து நொக்ஸ் அதை வாங்கினார். கைக்கு வந்ததும் அது திறந்த இடம் அப்போஸ்தலர் பணி 16ஆம் அதிகாரம், சிறைக்காவலன் பவுலிடம் “இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும்” என்று கேட்கும் வசனம் என்று அவரே பிறகு எழுதினார். ஒரு கைதிக்கு ஒரு சிறைக்காவலனின் கேள்வி.

மூதூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அந்த அதிகாரத்தை வாசிக்கலாம், 25 முதல் 34 வரை. வண்டி வெளிக்கிடுமுன், நிறுத்தத்தில் நிற்கும்போதே வாசித்துவிட வேண்டும். பிறகு புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, நிற்பவர் யாராவது பை வைத்திருக்கிறாரா என்று பாருங்கள்.