சன்ரூஃப் சிக்கினால் முதலில் சுவிட்சிலிருந்து கையை எடுங்கள்

கண்ணாடி பாதியில் நின்றுவிட்டால் முக்கால்வாசிப் பேர் செய்வது ஒரே காரியம்தான்: சுவிட்சைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்ப்பது. கொஞ்சம் கிரீஸில் முடிய வேண்டிய வேலை, முழு செட்டையே மாற்றுவதில் போய் நிற்பது அந்த இரண்டு நிமிட அமுக்கலால்தான். கண்ணாடியின் இடப்பக்கத்தை ஒரு கேபிளும் வலப்பக்கத்தை இன்னொரு கேபிளும் இழுக்கின்றன. ஒரு பக்க ரெயிலில் குப்பை அடைத்து அது நகரவில்லை, மறுபக்கம் மட்டும் நகர்கிறது என்றால் கண்ணாடி கோணிக்கொள்ளும். கோணிய கண்ணாடியை மோட்டார் இன்னும் தள்ளினால் ரெயிலுக்குள் ஓடும் பிளாஸ்டிக் ஷூ உடையும். விரல்நுனி அளவுள்ள அந்தத் துண்டு பல மாடல்களுக்குத் தனியாகக் கிடைப்பதில்லை.

இங்கே சொல்வது வென்யூ, சோனெட், நெக்ஸான் போன்ற கார்களில் வரும் ஒற்றைக் கண்ணாடி சன்ரூஃபுக்கு. கூரையின் பெரும்பகுதியை அடைக்கும் பனோரமிக்கிலும் அடிப்படை இதுவே. ஆனால் அதன் கண்ணாடி கனமானது, ஒற்றை ஆளாகக் கழற்றப் போகாதீர்கள்.

சுவிட்சை ஒரே ஒரு முறை அமுக்கி, காதைக் கூரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேளுங்கள். பாதி நோய் சத்தத்திலேயே தெரிந்துவிடும். எந்தச் சத்தமும் இல்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள். எது சன்ரூஃபுக்கு உரியது என்று ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கப் படத்தில் இருக்கும். எரிந்திருந்தால் அதே ஆம்பியரில்தான் புதுசு போட வேண்டும். அதுவும் உடனே எரிந்தால் நிறுத்திவிடுங்கள். பெரிய ஆம்பியர் போட்டு ஓட்டுவது கூரைக்குள் ஒயரைக் கொளுத்துகிற வேலை. நிறைய தடவை அமுக்கிய பிறகு சத்தமே நின்றுபோனது என்றால் மோட்டார் சூடாகித் தானே ஓய்வெடுக்கிறது என்றும் இருக்கலாம். கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

'ம்ம்ம்' என்று முனகி நின்றால் சிக்கல் ரெயிலில். மோட்டார் தாராளமாகச் சுற்றுகிறது, 'கடகட' என்று பல் தாவும் சத்தம் வருகிறது, கண்ணாடி மட்டும் அசையவில்லை என்றால் கேபிளோ பல்சக்கரமோ தேய்ந்துவிட்டது. மூடப்போய் கடைசி நேரத்தில் திரும்பத் திறந்துகொண்டால் அது பெரும்பாலும் கோளாறே இல்லை. விரல் நசுங்காமல் இருக்க வைத்த பாதுகாப்பு ஏற்பாடு அது. காய்ந்த கிரீஸின் இறுக்கத்தையும் ஒரு விரல் என்றே அது நினைத்துக்கொள்கிறது. மோட்டார் போச்சு என்று மாற்றப்படும் மோட்டார்களில் நல்ல மோட்டார்களும் இருப்பது இதனால்தான்.

மழை வரும்போல இருந்தால் ரிப்பேரைத் தள்ளிவையுங்கள், மூடுவதுதான் முதல் வேலை. உள்ளே முன்கண்ணாடிக்கு மேல், மேப் லைட் இருக்கும் பெட்டியைக் கழற்றினால் மோட்டார் தெரியும். லைட்டின் மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், கீறல் விழும். பழைய ஏடிஎம் கார்டு போதும். அதன் பின்னால் பெரும்பாலும் இரண்டு ஸ்க்ரூ, அப்புறம் க்ளிப்புகள். பெட்டியை முழுசாக இழுக்கும் முன் மைக், லைட் ஒயர்களின் கனெக்டரைப் பிரித்துவிடுங்கள். பல மோட்டார்களின் நடுவில் அறுகோணக் குழி இருக்கும். 4 அல்லது 5 மில்லிமீட்டர் ஆலன் கீ அதில் உட்காரும். கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கால் சுற்றில் இறுகினால் எதிர்ப்பக்கம் சுற்றி, மறுபடி முன்னால் வாருங்கள். பலத்தால் அல்ல, ஆட்டி ஆட்டித்தான் அது விடும். சில புது மாடல்களில் இந்தக் குழியே கிடையாது. அப்போது மோட்டாரைக் கழற்றியாக வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. கதவுகளுக்கு மேலே கூரை ஓரத்தில் கர்ட்டன் ஏர்பேக் மடிந்து கிடக்கும் கார்கள் நிறைய. முன்கண்ணாடி ஓரத் தூண் கவரையோ கூரைத் துணியின் பக்கங்களையோ நெம்பக் கூடாது. அந்தப் பக்கம் போயே தீரவேண்டும் என்றால் அது வொர்க்‌ஷாப் வேலை.

கண்ணாடி மூடிக்கொண்டதா? அடுத்தது ரீசெட். பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தாலோ, பேட்டரி இறங்கிப் போயிருந்தாலோ, கையால் சுற்றியிருந்தாலோ கண்ணாடி எங்கே நிற்கிறது என்ற கணக்கை மோட்டார் மறந்துவிடும். அதன் சென்சார் சுற்றுகளை எண்ணித்தான் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. கண்ணாடியை அது பார்ப்பதில்லை. ஹூண்டாய், கியா மாடல்கள் பலவற்றில் முறை இது: என்ஜினை ஓடவிட்டு, மூடிய நிலையில் சுவிட்சை மூடும் பக்கம் சுமார் 10 விநாடி பிடியுங்கள். கண்ணாடி லேசாக அசையும். விட்டுவிட்டு உடனே மறுபடி அதே பக்கம் பிடித்தால் கண்ணாடி இறங்கி, முழுதும் திறந்து, முழுதும் மூடும். அது முடிகிறவரை விரலை எடுக்கக் கூடாது. நடுவில் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தச் சுற்றில் விரல் பாதுகாப்பு வேலை செய்யாமல் போகலாம், குழந்தைகளைக் காருக்கு வெளியே நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். மற்ற கம்பெனிகளின் முறை கொஞ்சம் மாறும், கார் புத்தகத்தைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

ரீசெட் ஆகியும் திணறுகிறது என்றால், இனி அழுக்கோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

கண்ணாடியை முடிந்தவரை திறந்து, இரண்டு பக்க அலுமினிய ரெயிலையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பெனி போட்ட கிரீஸ் மங்கலான வெள்ளையாகவோ தேன் நிறத்திலோ இருந்திருக்கும். இப்போது அங்கே இருப்பது கறுப்புக் களிம்பு. கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேயுங்கள். 'நறநற' என்றால் அது கிரீஸ் இல்லை, உப்புத்தாள். வேப்ப மரத்தடியில் நிற்கும் கார் என்றால் அதோடு காம்பும் காய்ந்த பூவும் சேர்ந்து கயிறுபோல் திரண்டு கிடக்கும்.

இதை எடுக்க எரிந்து முடிந்த ஊதுவத்தியின் மூங்கில் குச்சியை மிஞ்சிய கருவி இல்லை. ரெயில் பள்ளத்துக்குள் போகும், அலுமினியத்தைக் கீறாது. ஈர்க்குச்சி வேண்டாம், நார் பிரிந்து உள்ளேயே தங்கும். களிம்பை வழித்து வழித்து பனியன் வேஸ்டில் துடையுங்கள். மூலைகளுக்கு அரை இஞ்ச் பெயிண்ட் பிரஷ், உதிர்ந்த மண்ணுக்கு வேக்குவம். கடைசியாக ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரு இழுப்பு. துணி கறுக்காமல் வருகிறவரை விடாதீர்கள். ஆல்கஹாலை ரெயிலில் நேராக ஊற்ற வேண்டாம், கேபிளின் கிரீஸையும் அது கரைத்துக்கொண்டு போகும். பெட்ரோல், மண்ணெண்ணெய் கிட்டவே வரக் கூடாது. கண்ணாடியைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங் உப்பிப்போகும்.

டபிள்யூடி-40 அடித்தால் சரியாகிவிடும் என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். ஒரு வாரம் சரியாகத்தான் ஓடும். இருக்கிற கிரீஸையும் கழுவிவிட்டு அது காய்ந்துபோவதால் அடுத்த வாரம் முன்னைவிட மோசமாகும். ரெயிலுக்குப் பிடிஎஃப்இ (டெஃப்லான்) கலந்த கிரீஸ் அல்லது பிளாஸ்டிக்குக்கு ஏற்ற வெள்ளை லித்தியம் கிரீஸ், பீடிங்குக்கு சிலிகான் கிரீஸ். இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். அளவு மிளகு மிளகாக ஒரு ரெயிலுக்கு நான்கைந்து இடம், அவ்வளவுதான். பளபளவென்று அப்பிவைத்தால் ரோட்டுத் தூசி மொத்தமும் அங்கே குடிவந்துவிடும். போட்டபின் மூன்று நான்கு முறை திறந்து மூடி, ஓரத்தில் வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

கூரைத் திறப்பின் முன்விளிம்பில் காற்றைத் தடுக்க எழும்பி நிற்கும் பட்டையையும் அப்படியே பார்த்துவிடுங்கள். இரண்டு ஓரத்து ஸ்பிரிங் கையும் ஒரே உயரத்தில் எழும்ப வேண்டும். ஒன்று வளைந்திருந்தால் மூடவரும் கண்ணாடி அதில் முட்டி நிற்கும். வளைவது எப்படி என்றால், பிள்ளைகள் சீட்டில் ஏறி நின்று அந்தப் பட்டையைக் கைப்பிடியாக்கிக்கொள்வதால்தான். ஓடும் காரில் தலையை வெளியே நீட்டுவது எவ்வளவு ஆபத்து என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

இனி கோணிய கண்ணாடி. ஸ்கேல் வைத்து, கண்ணாடியின் பின்விளிம்புக்கும் கூரைத் தகட்டுக்கும் உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தை விட்டுவிடலாம். மூன்று நான்கு என்றால் ஒரு கேபிள் பல் தாவியிருக்கிறது. இக்னிஷனை அணைத்து, மோட்டாரின் கனெக்டரைப் பிடுங்கி, அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். பெரும்பாலும் மூன்று இருக்கும். டி20 அல்லது டி25 நட்சத்திர பிட் பொருந்தும். மோட்டாரைக் கீழே இறக்கினால் அதன் சின்னப் பல்சக்கரமும், அது உட்கார்ந்திருந்த இடத்தின் இரு ஓரத்திலும் ஓடும் இரண்டு கேபிள்களும் தெரியும். கம்பிமேல் இன்னொரு கம்பியை ஸ்பிரிங்போலச் சுற்றிய கேபிள் அது. அந்தச் சுற்றின் இடைவெளியில்தான் பல் கடிக்கிறது. ஒரே சக்கரத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் கடிப்பதால் அங்கே ஒரு கேபிள் இடப்பக்கம் போகையில் மற்றது வலப்பக்கம் போகும், மூலைகளில் வளைந்து ரெயிலுக்குள் போனபின் கண்ணாடியின் இரு ஓரமும் ஒன்றாக நகரும். சுற்றில் எங்காவது மழுங்கிப் பளபளத்தால் அந்த இடத்தில் கேபிள் தேய்ந்துவிட்டது. கிரீஸ் போட்டு மீட்க முடியாது.

தேயவில்லை என்றால், மோட்டார் இல்லாத இந்த நிலையில் கண்ணாடி கைக்கு இணங்கும். ஒருவர் வெளியே நின்று, ரெயிலுக்கு நேர்மேலே இரு உள்ளங்கையையும் வைத்து, இரு பக்கத்தையும் ஒரே வேகத்தில் மூடும் பக்கம் தள்ள வேண்டும். நடுவில் கைவைத்துத் தள்ளினால் மறுபடி கோணும். முழுதும் மூடி, இரண்டு பக்க அளவும் ஒன்றானதும் மோட்டாரை மாட்டுங்கள். மோட்டாரும் 'மூடிய' நிலையில் இருக்க வேண்டும். சில மாடல்களில் அதற்குக் குறி இருக்கும். பிறகு ரீசெட். கூரை மட்டத்தோடு ஒப்பிட்டால் கண்ணாடியின் முன்விளிம்பு சமமாகவோ ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தோ, பின்விளிம்பு சமமாகவோ ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தோ இருக்கலாம். முன்விளிம்பு தூக்கியிருந்தால் பைபாஸில் விசில் அடிக்கும். கண்ணாடியைத் தாங்கும் பக்கவாட்டு ஸ்க்ரூக்களை லேசாகத் தளர்த்தி உயரத்தைச் சரிசெய்து இறுக்கலாம். அளவாக இறுக்குங்கள், அவை சின்ன ஸ்க்ரூக்கள்.

ஷூ உடைந்தது, கேபிள் தேய்ந்தது, ரெயில் வளைந்தது, இந்த மூன்றுக்கும் கூரைத் துணியை இறக்க வேண்டும். வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை.

கழற்றியதெல்லாம் மாட்டியாகிவிட்டது என்றாலும் தண்ணீர்க் குழாய்களைப் பார்க்காமல் விடாதீர்கள். பீடிங் தண்ணீரை முழுசாகத் தடுப்பதில்லை, தடுக்க வேண்டும் என்றும் அமைக்கவில்லை. உள்ளே வரும் தண்ணீர் சன்ரூஃப் சட்டத்தின் நான்கு மூலை ஓட்டைகள் வழியாகக் குழாயில் இறங்கி, முன்பக்கம் கதவுக் கீலோ சக்கரமோ இருக்கும் பகுதியிலும், பின்பக்கம் பம்பர் அருகிலும் வெளியேறும். ரெயிலில் வழித்த அழுக்கில் கொஞ்சமாவது இந்த ஓட்டைகளுக்குப் போயிருக்கும். சின்ன பாட்டிலால் மூலைக்கு 100 மில்லி வீதம் மெதுவாக ஊற்றுங்கள். சில விநாடிகளில் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். மூலையிலேயே தேங்கி நின்றால் புல் வெட்டும் மெஷினுக்குப் போடும் நைலான் நரம்பு, இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்படாத கனத்தில் மூன்று மீட்டர் வாங்குங்கள். நுனியைத் தீக்குச்சியில் காட்டி உருண்டையாக்கிக்கொண்டு, முறுக்கியபடி உள்ளே விடுங்கள். இடித்தால் குத்தாமல் இழுத்து மறுபடி விடுங்கள்.

பஞ்சர் கடை கம்ப்ரெசரைக் கொண்டுவந்து ஊதாதீர்கள். அழுத்தத்தில் குழாய், தான் மாட்டியிருக்கும் மூக்கிலிருந்து தூணுக்குள்ளேயே கழன்றுகொள்ளும். அதன்பின் ஊற்றிய தண்ணீரெல்லாம் கார்ப்பெட்டுக்குத்தான். குழாயின் கீழ்முனையில் வாத்து அலகுபோல் ஒரு ரப்பர் வாய் இருந்தால் அதைப் பிதுக்கிப் பாருங்கள். சேறு இறுகி அடைப்பது பெரும்பாலும் அங்கேதான். வேம்பு பூத்து முடிந்ததும் ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை இந்த 100 மில்லிச் சோதனையைச் செய்துவிடுங்கள். நான்கு மூலைக்கும் சேர்த்து பத்து நிமிடம் ஆகும்.