மறைத்து வைத்த ஒன்றரை நாள்

நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். என் மகன் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தான். குறுவை அறுப்பு நேரத்தில், ஆட்களுக்குக் கூலி கொடுக்க பீரோவில் வைத்திருந்த பணத்தில் இரண்டாயிரம் குறைந்தது. அவன் பையைத் துழாவினேன். ஊசியும் டேபென்டடால் மாத்திரை அட்டையும் இருந்தன. கடும் வலிக்கு டாக்டர் எழுதித் தருகிற மாத்திரை அது; அதைப் போதைக்காக ஊசியில் போட்டிருக்கிறான். கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டானே, அதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. பெல்ட்டைக் கழற்றி அடித்தேன். அந்த சனிக்கிழமை இரவே வீட்டை விட்டுப் போய்விட்டான்.

ஞாயிறு முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் “மாமா வீட்டுக்குப் போயிருக்கான்” என்றோம். ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்பதைத் தவிர என் மனதில் வேறெதுவும் ஓடவில்லை.

திங்கள் காலை காவல் நிலையம் போனேன். “கோபத்தில் போனவன், பசித்தால் வருவான்” என்று திருப்பி அனுப்பினார்கள். சொந்தத்தில் ஒருவர் வக்கீல். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை காணாமல் போனால் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்றார். அவரையே கூட்டிப்போய்ப் பதிந்து நகல் வாங்கினோம். அப்புறம் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசினேன். சட்டை நிறம், தழும்பு, கூட்டாளிகள் எல்லாம் கேட்ட பெண், “அடிச்சீங்களா?” என்றும் கேட்டார். ஆமாம் என்றேன். மாத்திரையைப் பற்றியும் சொன்னேன். சொன்னது நல்லதாயிற்று.

மாலையில் தகவல் வந்தது. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகலாம் என்று செம்மொழி எக்ஸ்பிரஸில் ஏறியிருக்கிறான். உடம்பு முறுக்கத் தொடங்கவே ஈரோட்டில் இறங்கி, நடைமேடையில் சுருண்டு கிடந்திருக்கிறான். ரயில்வே பாதுகாப்புப் படையினர் ஞாயிறு காலையே பார்த்து, குழந்தைகள் உதவி மையத்தில் சேர்த்துவிட்டார்கள். ஊரையும் பெயரையும் அவன் மாற்றிச் சொல்லியிருக்கிறான். எங்கள் புகார் இருந்திருந்தால் அன்றைக்கே அடையாளம் தெரிந்திருக்கும். நாங்கள் மாமா வீட்டுக் கதை சொல்லிக்கொண்டிருந்த நேரமெல்லாம் என் பிள்ளை அங்கே தெரியாத மனிதர்கள் நடுவில் நடுங்கிக்கொண்டு கிடந்தான்.

பிள்ளையை எங்களிடம் ஒப்படைக்க முடிவெடுப்பது குழந்தைகள் நலக் குழு என்றதும் கோர்ட்டு போல இருக்கும் என்று பயந்தேன். அப்படி இல்லை. ஆதார், பிறப்புச் சான்றிதழ், போட்டோ எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அவனைத் தனியே உட்காரவைத்துப் பேசினார்கள். “போறேன், அப்பா அடிக்கக் கூடாது” என்றானாம். அடிக்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவனை யாரும் குற்றவாளியாக நடத்தவில்லை. பிள்ளைகளுக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்குத்தான் 7 ஆண்டு வரை சிறை என்றார்கள்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவில் சேர்த்தோம். முதல் வாரம்தான் கொடுமை. மூக்கு ஒழுகும், கண்ணில் நீர் வடியும், வயிற்றுப்போக்கு, கால் குடைச்சல், தூக்கமே கிடையாது. “நடிக்கிறான்” என்று ஒரு உறவினர் சொன்னார். நடிப்பில்லை, மருந்து நிற்கும்போது உடம்பு படும் பாடு அது. அவன் காலை அமுக்கிவிட்டபடி இரவெல்லாம் உட்கார்ந்திருந்தேன். ஊசி போட்டிருந்ததால் எச்.ஐ.வி.க்கும் மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். முடிவு வரும்வரை என் மனைவி சோறு தின்னவில்லை. நல்லவேளை, எதுவும் இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னதை இந்த நிலைமையில் இருக்கிற எல்லாப் பெற்றோரும் கேட்க வேண்டும். கொஞ்ச நாள் விட்டிருந்து மறுபடி பழைய அளவையே எடுத்தால், உடம்பு தாங்காமல் மூச்சு நின்றுவிடலாம். அதனால் தவறினாலும் மறைக்காத அளவுக்கு அவனுக்கு வீட்டில் தைரியம் இருக்க வேண்டும் என்றார். ராத்திரி நேரத்தில் மனசு தவித்தால் பேச 14416, போதை மீட்புக்கு 14446 என்ற எண்களையும் தந்தார். இரண்டையும் அடுப்படிச் சுவரில் எழுதி வைத்தோம்.

நான்கு மாதம் கழித்து, சம்பா வயலில் வேலையாக இருந்தபோது வரப்பில் வந்து நின்றான். “அப்பா, நேத்து ஒண்ணு போட்டுட்டேன்” என்றான். எனக்குக் கை நடுங்கியது. சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு, “சரி வா தம்பி” என்று அடுத்த பஸ்ஸிலேயே தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனேன்.